சுடுவது கடைசி வேலை: வேட்டை கேமில் தடம் பிடித்து, குறி தவறாமல் அடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் முதல் மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முப்பது தடவைக்கு மேல் சுட்டிருப்பேன். கையில் கிடைத்தது இரண்டு மான். அதில் ஒன்று நான் குறிவைத்த மானே இல்லை, அதற்குப் பின்னால் நின்றது.

இலங்கை மலையகத்தில் எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஜூன், ஜூலை மழையில் வெளியே தலைகாட்ட முடியாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முன் அறையில் பழைய லெப்டொப்பை ஸ்டூல் மேல் வைத்து நான் விளையாடுவேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, அந்தா! அந்தா ஓடுது!" என்று வர்ணனை கொடுப்பான். ஒரு நாள் மாமா வந்தார். அவருக்குத் தோட்டத்தில் இரவுக் காவல் வேலை. போஞ்சிப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போன பன்றி எத்தனை, எந்தப் பக்கம் ஏறிப் போனது என்று விடிகாலையில் சேற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காத்து எந்தப் பக்கம்டா அடிக்குது?"

"கேம்ல ஏது மாமா காத்து?"

இருந்தது. திரையின் ஓரத்தில் காற்றுக் குறி ஒரு மாதமாகக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. இந்த வழிகாட்டியில் சுடும் பகுதி பாதிக்குப் பிறகுதான் வருகிறது, அதற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

நான் விளையாடுவது 2017இல் வெளிவந்த 'தி ஹண்டர்: கோல் ஒஃப் த வைல்ட்'. சுவீடன்காரர்கள் செய்தது. அடிப்படை விளையாட்டிலேயே இரண்டு பெரிய காடுகள் கிடைக்கும்: அமெரிக்காவின் வடமேற்கைப் போன்ற லேட்டன் லேக், ஜெர்மனியைப் போன்ற ஹிர்ஷ்ஃபெல்டன். புதிதாகத் தொடங்குபவர் லேட்டனில் தொடங்கட்டும். ஏரிகள் நிறைய இருப்பதால் மிருகம் தேடுவது சுலபம். வேறு வேட்டை கேம் விளையாடினாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: லெப்டொப்பைப் பழக்குங்கள்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். படம் விட்டுவிட்டு ஓடினால் குறி ஒருபோதும் நிற்காது. அதனால் நிழல், நீர்ப் பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்து, படம் சீராக ஓடும்படி வையுங்கள். அசையும்போது காட்சியை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மவுஸின் வேகத்தைச் சாதாரணப் பார்வைக்கு ஒன்றாகவும் ஸ்கோப்புக்கு (துப்பாக்கித் தொலைநோக்கிக்கு) வேறாகவும் வைக்க முடியும். ஸ்கோப்பின் வேகம் நன்றாகக் குறைவாக இருக்கட்டும். மவுஸை மூன்று விரற்கடை நகர்த்தினால் குறி ஒரு மானின் நீளம் நகர வேண்டும், அதற்கு மேல் வேண்டாம்.

ஹெட்போன் கட்டாயம். பத்து ரூபாய்ச் சாமான் போல இருந்தாலும் பரவாயில்லை, இடம் வலம் பிரித்துக் கேட்டால் போதும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஸ்பீக்கரில் மான் கூப்பிடுவது கேட்கும் என்று நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: காற்றைப் பாருங்கள்

ஒவ்வொரு தடவையும் காட்டில் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது காற்று எங்கே போகிறது என்று. உங்கள் முதுகுப் பக்கமிருந்து முன்னால் அடித்தால் உங்கள் வாசம் உங்களுக்கு முன்னே போய் மானிடம் சொல்லிவிடும். நீங்கள் எவ்வளவு பதுங்கினாலும் பயனில்லை. காற்று முகத்தில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே போக வேண்டும்.

தடம் தெற்கே போகிறது, காற்றும் தெற்கே போகிறது என்றால் என்ன செய்வது? தடத்தின் மேலேயே நடந்து போவதுதான் நான் ஒரு மாதம் செய்த முட்டாள்தனம். தடம் எங்கே போகும் என்று ஊகித்து, பக்கவாட்டில் பெரிய வளைவாகச் சுற்றிப் போய், முன்னால் நின்று திரும்பிப் பாருங்கள். பத்து நிமிடம் கூடும். காற்று நாள் முழுக்க ஒரே பக்கம் அடிப்பதில்லை, இடையிடையே மாறும். அதனால் தடத்தைப் பார்க்கும்போதெல்லாம் காற்றுக் குறியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள். வாசத்தை மறைக்கும் திரவம் ஒன்று கடையில் உண்டு. அது கொஞ்சம் உதவும். அதை நம்பிக் காற்றோடு நடக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: தடத்தைப் படியுங்கள்

இந்த கேமின் உயிரே இதுதான். தரையில் ஒளிரும் குளம்படியோ புழுக்கையோ தெரிந்தால் கிட்டப் போய் அதைத் தொட்டுப் பாருங்கள். கையிலிருக்கும் ஹண்டர்மேட் கருவி, இது எந்த மிருகம், எவ்வளவு நேரத்துக்கு முந்தியது, எந்தத் திசையில் போனது என்று சொல்லும். அப்புறம் அதே மிருகத்தின் மற்றத் தடங்கள் வேறு நிறத்தில் தெரியும், மற்ற மிருகங்களின் தடங்களோடு கலந்துவிடாது.

இதில் மூன்று விஷயம்தான் முக்கியம்.

எவ்வளவு பழையது என்பது முதலாவது. பழைய தடத்தைத் தொடர்ந்து போகாதீர்கள். அரை மணி நேரம் நடந்து ஓர் ஏரிக்கரையில் போய் முடியும், மான் எப்போதோ போயிருக்கும். மிகப் புதிய தடம் என்று கருவி சொன்னால் மட்டும் பின்தொடருங்கள். சொன்ன அந்த நிமிடத்திலிருந்து ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள். மான் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே பக்கத்தில் இருக்கலாம்.

இரண்டாவது நடை. மிருகம் சாதாரணமாக நடந்ததா, விரைந்து போனதா, வெருண்டு ஓடியதா என்று தடம் காட்டும். நடையிலிருந்து திடீரென்று ஓட்டமாக மாறியிருந்தால், அந்த இடத்தில் அது எதையோ உணர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அந்த 'எதையோ' நீங்கள்தான். ஓடிய மானைத் துரத்தாதீர்கள். அது கொஞ்ச தூரம் போய் அமைதியாகி மறுபடி நடக்கும். நீங்கள் அதே இடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் புறப்படுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: அது எங்கே போகிறது. இந்தக் கேமில் மிருகங்கள் கண்டபடி அலைவதில்லை. தண்ணீர் குடிக்க ஓர் இடம், மேய ஓர் இடம், படுக்க ஓர் இடம் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரம் குறித்த இடங்கள் உண்டு. அப்படியோர் இடத்தில் அவை நின்ற அடையாளத்தை நீங்கள் தொட்டுப் பார்த்தால், அந்த இடமும் நேரமும் வரைபடத்தில் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு தடம் பிடிக்கவே வேண்டாம். அடுத்த நாள் அந்த நேரத்துக்கு முன்னால் போய், காற்று பார்த்து, புதருக்குள் உட்கார்ந்தால் போதும். முகாமில் தூங்கி நேரத்தை முன்னே தள்ளவும் முடியும்.

நான் லேட்டனில் செய்வது இதுதான். ஏரியைச் சுற்றி கரையோரமாக மெதுவாக நடப்பேன். எல்லா மிருகத்துக்கும் தண்ணீர் வேண்டும், ஆகவே எல்லாத் தடமும் எங்கேயாவது கரைக்கு இறங்கும். எங்கள் பக்கம் பன்றியும் அப்படித்தான். தேயிலை மலைக்குள் எங்கே வேண்டுமானாலும் சுற்றும், ஆனால் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கும் பாதை ஒன்றுதான். மாமா உட்காருவதும் அந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி சுட்டு விழுத்தினால் அங்கே வேட்டை அழுத்தம் ஏறி, அந்த இடத்தை மிருகங்கள் கைவிட்டுவிடும். நல்ல தண்ணீர்த்துறை ஒன்றை நான் இப்படித்தான் கெடுத்தேன். ஒன்றை அடித்தால் வேறு ஏரிக்குப் போங்கள்.

சத்தத்தையும் தடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மிருகம் கூப்பிட்டால் கருவி அதன் பெயரைச் சொல்லி, வரைபடத்தில் ஏறத்தாழ எந்தப் பக்கம் என்று காட்டும். சாதாரணக் கூப்பாடு என்றால் போகலாம். எச்சரிக்கைக் கூப்பாடு என்றால் உங்களைக் கண்டுகொண்டது என்று பொருள், அப்படியே உறைந்து நில்லுங்கள்.

நான்காம் படி: கிட்டப் போவது

நின்று நடந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடுவீர்கள். மிருகம் 150 மீட்டருக்குள் இருக்கலாம் என்று நினைத்தாலே குனிந்து நடங்கள், கடைசிப் பகுதியை ஊர்ந்து போங்கள். நீங்கள் எவ்வளவு தெரிகிறீர்கள், எவ்வளவு சத்தம் போடுகிறீர்கள் என்று திரையில் இரண்டு அளவுகள் உண்டு. புதருக்குள் உரசிக்கொண்டு போனால் சத்த அளவு எகிறும். புதரைச் சுற்றிப் போனால் கொஞ்சம் வெளிச்சத்தில் தெரிவீர்கள், ஆனால் சத்தம் வராது. இரண்டில் எது என்றால் நான் சத்தமில்லாததைத்தான் எடுப்பேன்.

நாலடி நடந்து, நின்று, பைனாகுலரில் பாருங்கள். மறுபடி நாலடி. கொழுந்து எடுக்கும் மலையில் ஒரு பத்தையிலிருந்து அடுத்த பத்தைக்குப் போவது போல. பைனாகுலரில் முழு மானைத் தேடாதீர்கள், கிடைக்காது. செடிக்கு நடுவே படுக்கைக்கோடாக ஒரு முதுகு, அசையும் ஒரு காது, இவற்றைத் தேடுங்கள். காட்டில் மரங்கள் செங்குத்தாக நிற்கும்போது, குறுக்கே படுத்த கோடு பெரும்பாலும் மிருகம்தான்.

மிருகத்தின் குரலில் ஊதும் அழைப்புக் குழல் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தடவை ஊதிவிட்டு வேலையை முடித்தது போல அங்கேயே குந்தியிருக்காதீர்கள். மிருகம் சத்தம் வந்த இடத்துக்கு நேராக வரும். ஊதியதும் காற்றுக்குக் கீழ்ப்புறமாக இருபது முப்பது மீட்டர் விலகிப் போய் உட்காருங்கள். வருகிற மானின் பக்கவாட்டு உங்களுக்குக் கிடைக்கும்.

ஐந்தாம் படி: எங்கே அடிப்பது

இப்போது தம்பி காத்திருந்த இடத்துக்கு வருகிறோம். அவன் எப்போதும் தலையைக் காட்டுவான். "தலையில அடிங்க அண்ணே, உடனே விழும்." தலை சின்னது, ஒரு நொடி சும்மா இருக்காது, தவறினால் தாடை உடைந்து ஓடும். புதியவர்கள் தலையை மறந்துவிடுங்கள்.

உங்கள் இலக்கு நுரையீரல். மார்புக் கூட்டில் மிகப் பெரிய உறுப்பு அதுதான், இரண்டு இருக்கிறது, இரண்டையும் துளைத்தால் மிருகம் தூரம் போகாது. மிருகம் பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் பின்விளிம்பிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போடுங்கள். உடம்பின் உயரத்தை மூன்றாகப் பிரியுங்கள். கீழ் மூன்றிலொரு பங்கும் நடுப்பங்கும் சேருகிற இடம், அந்தக் கோட்டில், அங்கேதான் குறி. கொஞ்சம் கீழே போனால் இதயம், கொஞ்சம் மேலே போனாலும் நுரையீரல்தான். பின்னால் ஒரு சாண் தள்ளிப் போனால் ஈரல், அதற்கும் பின்னால் குடல். குடலில் பட்டால் அன்றைய இரவு முழுக்க நடக்க வேண்டியிருக்கும்.

மிருகம் எப்போதும் பக்கவாட்டில் நிற்காது. உங்களைவிட்டு விலகிச் சரிவாக நின்றால் கோட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். தோட்டா உள்ளே போய் மறுபக்க முன்காலை நோக்கி வெளியேற வேண்டும் என்று மனத்தில் கோடு போட்டால் சரியாக வரும். நேருக்கு நேர் நின்றாலோ பின்பக்கம் காட்டினாலோ சுடாதீர்கள், அது திரும்பும்வரை காத்திருங்கள்.

இதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் வாருங்கள். 1988இலிருந்து தேசியப் பூங்கா அது. அங்கே ஃபார் இன் என்ற இடத்துப் பக்கம் மரைகள் (கடமான்கள்) மனிதரைக் கண்டு பயப்படாமல் மேயும். கமராவில் ஸூம் செய்து, இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது, தோள் எங்கே, மறுபக்கக் கால் எங்கே என்று பாருங்கள். வெள்ளைக்காரத் துரைமார் நம் மரையை 'எல்க்' என்றுதான் சொன்னார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்து எல்க் பிளேன்ஸ் அந்தப் பெயரில்தான் இன்னும் இருக்கிறது. லேட்டனில் ரூஸ்வெல்ட் எல்க் என்ற பெரிய அமெரிக்க மானை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மரையின் ஞாபகம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கமராவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பன்றிக்கென்று வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் போனது.

துப்பாக்கிக்கு வருவோம். ஒவ்வொரு மிருகத்துக்கும் அதன் பருமனைப் பொறுத்து 1 முதல் 9 வரை ஒரு வகுப்பு உண்டு. வெள்ளைவால் மான் 4, காட்டுப்பன்றி 5, ரூஸ்வெல்ட் எல்க் 7, மூஸ் என்ற மிகப் பெரிய மான் 8, ஹிர்ஷ்ஃபெல்டனின் காட்டெருமை 9. உங்கள் தோட்டா எந்த வகுப்புகளுக்கு என்று அதன் விவரத்திலேயே இருக்கும். தொடக்கத்தில் கிடைக்கும் .243 ரேஞ்சர் மானுக்கு நல்ல துப்பாக்கி. அதை வைத்துக்கொண்டு மூஸைச் சீண்டாதீர்கள், உள்ளே போதிய தூரம் போகாது. முயலைப் பெரிய தோட்டாவால் அடித்தாலும் மதிப்பெண் குறையும்.

தோட்டாவிலும் வகை இருக்கிறது. மென்முனைத் தோட்டா உள்ளே விரிந்து பெரிய காயம் செய்யும், ஆழம் குறைவு. பொலிமர் முனைத் தோட்டா ஆழமாகத் துளைக்கும். மானுக்கு முதலாவதே போதும். எலும்பு தடிப்பான பெரிய மிருகங்களுக்கு இரண்டாவதை எடுங்கள்.

ஆறாம் படி: விசையை அழுத்துவது

ஓடி வந்து உடனே ஸ்கோப்பில் கண் வைத்தால் குறி சாமியாடும். மூச்சு அடங்கும்வரை நில்லுங்கள். படுத்துச் சுடுவது மிக நிலையானது, அடுத்தது குந்துவது, நின்று சுடுவது கடைசி. புல் உயரமாக இருந்தால் படுத்தபடி ஒன்றும் தெரியாது, அப்போது குந்துவதே சரி.

மூச்சடக்கும் பட்டனைக் குறி கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்த பிறகு மட்டும் அழுத்துங்கள். முதலிலேயே அடக்கிவிட்டு மானைத் தேடினால், சுட வேண்டிய நொடியில் மூச்சு முட்டி ஆட்டம் இன்னும் கூடும். அடக்கிய இரண்டு மூன்று நொடிக்குள் சுட முடியாவிட்டால் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தூரம்தான் பலரையும் ஏமாற்றுவது. தோட்டா நேர்கோட்டில் போவதில்லை, போகப் போகக் கீழே இறங்கும். ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு ஸ்கோப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குக் கிட்டே சுட்டால் கொஞ்சம் மேலேயும், தாண்டிச் சுட்டால் கீழேயும் படும். பின்னால் திறன் புள்ளிகளைச் சேர்த்து அந்தத் தூரத்தை மாற்றும் வசதியைத் திறக்கலாம். அதுவரை 150 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் சேர்ந்ததும் நான் வாங்கச் சொல்வது புதுத் துப்பாக்கியை இல்லை, தூரமானியை. அதை வாங்கிய பிறகு, மிருகம் இல்லாத ஒரு வெளியில் ஒரு பாறையை 50, 100, 150, 200 மீட்டரில் நின்று ஒவ்வொரு தடவை சுட்டுப் பாருங்கள். எங்கே தூசி பறக்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். என் கணக்கில் 100 மீட்டர் என்றால் எங்கள் லயத்து வாசலிலிருந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம் வரை. உங்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தை இப்படி மனத்தில் வைத்துக்கொண்டால் தூரமானியை எடுக்க நேரமில்லாத சமயத்தில் உதவும்.

நடக்கும் மானைச் சுடாதீர்கள். பெரும்பாலும் அது தானாக நிற்கும்.

ஏழாம் படி: சுட்ட பிறகு

வெடிச்சத்தம் கேட்டதும் என் கை தானாக ஓடும் பட்டனுக்குப் போய்விடும். தம்பியும் கத்துவான். இதைத்தான் நிறுத்தப் பழக வேண்டும். சுட்ட இடத்திலேயே ஸ்கோப்பை எடுக்காமல் பாருங்கள்: மான் எப்படித் துள்ளியது, எந்த மரத்தைத் தாண்டி மறைந்தது. மறுதோட்டாவை ஏற்றுங்கள். ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

அப்புறம் அது நின்ற இடத்துக்கு நேராகப் போங்கள், மறைந்த இடத்துக்கு இல்லை. முதல் இரத்தத் துளி அங்கேதான் இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் எவ்வளவு வேகமாக இரத்தம் போகிறது என்று கருவி சொல்லும். வேகம் அதிகம் என்றால் நுரையீரலோ இதயமோ, கொஞ்ச தூரத்தில் கிடக்கும். குறைவு என்றால் சதையிலோ குடலிலோ பட்டிருக்கிறது. உடனே பின்னால் போனால் அது பயந்து இன்னும் தூரம் ஓடும். கொஞ்ச நேரம் விட்டு, காற்றைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து தடம் பிடிப்பது போல மெதுவாகப் போங்கள்.

போன ஆகஸ்டில் ஒரு வெள்ளைவால் கிடா. ஏரிக்கரை, 120 மீட்டர், அவசரப்பட்டுப் பின்னால் தள்ளி அடித்துவிட்டேன். இரத்தம் மெல்லத்தான் போனது. கரையிலிருந்து பைன் மரங்களுக்குள், அங்கிருந்து ஒரு மேட்டின் மேல், மேட்டைத் தாண்டி மறுபடி பள்ளம். ஓரிடத்தில் துளிகள் நின்றுவிட்டன. தம்பி கொட்டாவி விட்டுத் தூங்கப் போய்விட்டான். கடைசித் துளியில் நின்றுகொண்டு வட்டமாகச் சுற்றினேன், முதலில் சின்ன வட்டம், பிறகு அதைவிடப் பெரியது. மூன்றாவது வட்டத்தில், நான் நினைத்த திசைக்கு நேர் எதிராக, கரைக்குத் திரும்பும் வழியில் ஒரு குளம்படி. காயம்பட்டது தண்ணீரைத் தேடி இறங்கியிருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. இருபது அடி தள்ளி அது நின்றுகொண்டிருந்தது, பக்கவாட்டில்.

இந்தத் தடவை காத்திருந்து அடித்தேன்.

விழுந்த மிருகத்தை எடுக்கும்போது வரும் திரையை அவசரமாக மூடிவிடாதீர்கள். தோட்டா எந்த வழியாக உள்ளே போனது, எந்தெந்த உறுப்பைத் தொட்டது என்று உடம்பின் உட்படத்தில் கோடு போட்டுக் காட்டும். ஒவ்வொரு தடவையும் நான் நினைத்த இடத்தையும் பட்ட இடத்தையும் அதே கொப்பியில் எழுதினேன். பத்துப் பதினைந்து மிருகத்துக்குள் ஓர் உண்மை தெரிந்துவிட்டது: நான் எப்போதும் நாலு விரற்கடை பின்னால் அடிக்கிறேன். கண் தோளைப் பார்க்கிறது, கை வயிற்றுக்குப் போகிறது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் முன்னால் வைக்கத் தொடங்கினேன். உங்கள் பிழை வேறாக இருக்கும், ஆனால் அது அந்தத் திரையில்தான் தெரியும்.

அந்தக் கிடாவின் படத்தில் இரண்டாவது கோடு இரண்டு நுரையீரலையும் சரியாகத் துளைத்திருந்தது. மாமா காவலுக்குக் கிளம்பும் வழியில் எட்டிப் பார்த்தார். டோர்ச்சை மாற்றுக் கையில் பிடித்துக்கொண்டு திரையை நன்றாகப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் அடிச்சிருக்க. சரி, இறைச்சி எங்கடா?"